கம்பத்தில் ஏறியவன் பெயர் என்ன?

அந்தரத்தில் சுழலும் மனித உடம்பை முதன்முதலில் துண்டு துண்டாகப் பிரித்துப் படம் பிடித்தவர் அப்போது ஒரு குதிரைப் பண்ணையில் வேலையாக இருந்தார். பண்ணை முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். ரயில் கம்பெனியில் பெரும்பணம் பார்த்தவர், கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். ஓடுகிற குதிரையின் நான்கு கால்களும் ஏதோ ஒரு கணத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்தி, எழுகின்றன என்று காட்டினார். அடுத்த ஆண்டு கேமராக்கள் 24 ஆயின. 1879 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ ஒலிம்பிக் கிளப்பின் ஆட்டக்காரர்களை வரவழைத்து, அதே குதிரைப் பாதையில் கரணம் அடிக்கவும் தாண்டவும் குத்துச்சண்டை போடவும் சொன்னார். ஜிம்னாஸ்டிக்ஸ் படங்களின் வரலாறு குதிரை லாயத்திலிருந்துதான் புறப்படுகிறது.

அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது ஆட்டக்காரன் அல்ல, தரை. பாதை முழுக்க வெள்ளையாக இருக்கும். எதிரே வெள்ளைத் துணி போர்த்திய சாய்வான தடுப்பு. அன்றைய ஈரத் தட்டுக்கு வேகம் போதாது. இமைக்கும் நேரத்தில் மூடித் திறக்கிற ஷட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் பத்தாது. அதனால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் வெளுத்து வைத்துவிட்டார் மனிதர். விளைவு, கரணம் அடிப்பவர்கள் கறுப்பு நிழலாகத்தான் விழுந்தார்கள். கை எங்கே, கால் எங்கே என்பது தெளிவாகத் தெரியும். மூக்கு முழி தெரியாது.

நான் மூங்கில்துறைப்பட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். தென்பெண்ணைக் கரை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கரும்பு லாரி, திருவண்ணாமலைக்கும் சங்கராபுரத்துக்கும் போகிற பஸ், இவைதான் எங்கள் ஊர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடன் மனுவில் ஒட்டுகிற பாஸ்போர்ட் சைஸ், இவற்றில்தான் என் பிழைப்பு ஓடியது. ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கூட விளையாட்டு விழா வரும். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்தும் கூப்பிடுவார்கள், சில சமயம் கல்வராயன் மலைமேல் இருக்கும் பள்ளியிலிருந்தும். டம்பெல்ஸ், லேசியம், பெட்டி தாண்டுதல், நெருப்பு வளையம், கடைசியில் பிரமிடு. கீழே ஏழெட்டுப் பேர் முட்டி போட்டு நிற்க, மேலே மேலே ஏறி, உச்சியில் ஒல்லியான பையன் ஒருவன் கொடியை விரிப்பான். அந்தப் படத்தைத்தான் தலைமையாசிரியர் அறையில் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

அந்த ஒரு படத்துக்காக நாங்கள் பட்ட பாடு வெளியே தெரியாது. கையில் இருந்தது யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும், அதில் இடம் வலமாகத் தெரியும். பையன் வலப்பக்கம் ஓடினால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடுவான். குரூப் போட்டோவுக்கு அது தொல்லையில்லை. பெட்டி தாண்டுகிறவனைப் பிடிக்கும்போது கை தானாகத் தப்புத் திசையில் திரும்பும். அதனால் மேல் மூடியில் இருக்கும் சதுர ஓட்டை வழியாக நேரே பார்த்து எடுப்போம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிம்தான் பெரும்பாலும் கிடைக்கும். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம் அது. சில சமயம் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கிடைக்கும். பன்னிரண்டில் எட்டு வீணானால் அந்த விழாவில் லாபம் கிடையாது. ஆகவே சுட்டுத் தள்ள முடியாது, காத்திருக்க வேண்டும்.

எதற்குக் காத்திருப்பது என்பதுதான் தொழில் ரகசியம். மேலே எழும்பிய உடம்பு, இறங்கத் திரும்புவதற்கு முன், உச்சியில் ஒரு கணம் நிற்கும். நிஜத்தில் நிற்கிறதோ இல்லையோ, கேமராவுக்கு நிற்கும். அந்தக் கணத்தில் சொடுக்கினால் 250இல் ஒரு பங்கு நொடியே போதும், முகம் கலையாமல் விழும். ஏறும்போதோ இறங்கும்போதோ எடுத்தால் 500இல் வைத்தாலும் கை கால் கரைந்துவிடும். பெட்டிமேல் கை ஊன்றும் சத்தம் கேட்ட பிறகு விரலை அழுத்தினால் படம் போச்சு. சத்தத்துக்கு முன்னாடியே அழுத்த வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் புத்தகம் படித்தவர் இல்லை. திருவிழாவில் கழைக்கூத்தாடிகளை எடுத்து எடுத்துப் பழகியவர்.

மைபிரிட்ஜ் கதைக்குத் திரும்புகிறேன், அதில் ஒரு விஷயம் எனக்கு ஆறவில்லை. பாலோ ஆல்டோ படங்களை வைத்து ஸ்டான்ஃபோர்ட் 1882இல் ஒரு புத்தகம் போட்டார். எழுதியவர் என்று ஸ்டில்மன் என்கிற மருத்துவரின் பெயர் இருந்தது. முதல் பக்கத்தில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. வழக்குப் போட்டார், தோற்றார். பில் கட்டியவர் பெயர்தான் கவர்மேல் வரும் என்பது எங்கள் தொழிலில் அன்றிலிருந்து இன்றுவரை சட்டம். எங்கள் ஸ்டூடியோ நெகட்டிவ் கவரிலும் அப்படித்தான்: நம்பர், தேதி, பள்ளியின் பெயர், பணம் கொடுத்த ஆசிரியரின் பெயர். உச்சியில் கொடி பிடித்த பையனின் பெயரைக் கவரில் எழுத இடமே விடுவதில்லை.

அவமானப்பட்ட மைபிரிட்ஜ் தன் முறை வந்தபோது என்ன செய்தார்? பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பணம் தர, 1884 முதல் பிலடெல்பியாவில் வேலை செய்தார். 1887இல் 781 தட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பு வெளிவந்தது. தாண்டுகிறவர்கள், கரணம் அடிப்பவர்கள், கையால் நடப்பவர்கள், மல்யுத்தக்காரர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. எல்லாருக்கும் எண். 95ஆம் எண்காரரை வயது அறுபது மதிக்கத்தக்க முன்னாள் விளையாட்டு வீரர் என்று குறித்திருப்பார்கள். அது மைபிரிட்ஜேதான், தன்னையே எடுத்துக்கொண்டார். தனக்கும் எண்ணே போட்டுக்கொண்டதை நேர்மை என்பதா, குறும்பு என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

22ஆம் எண் பென் பெய்லி என்கிற குத்துச்சண்டைக்காரர். அந்த ஆட்களில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவர்தான். அவரைப் படம் பிடிக்கும்போதுதான் மைபிரிட்ஜ் முதல் தடவையாகப் பின்னால் கட்டம் போட்ட திரையைத் தொங்கவிட்டார் என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லார் பின்னாலும் அந்தக் கட்டம் வந்தது, இப்போது அவர் பாணியின் அடையாளமே அதுதான். ஆனால் கட்டம் அவர் கண்டுபிடித்தது அல்ல. இரண்டங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தி உடம்பை அளக்கும் முறையை ஜான் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் 1869இலேயே எழுதி வைத்திருந்தார். உலகத்து மக்களை இனம் இனமாகப் பிரித்து அளப்பதற்கு வந்த கருவி அது. 1890களில் அந்தமான் தீவு மக்களை எம். வி. போர்ட்மன் அப்படிக் கட்டத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்தார். ஜிம்னாஸ்ட்டின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் அடிமைப்பட்டவனின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் ஒரே திரை.

அந்தக் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் இருந்தார். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளர். ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்து, தலையை அளந்து, படமும் எடுத்துக்கொண்டு வருவார். 1906இல் வந்த அவருடைய நூலுக்குப் பெரும்பாலான படங்களைத் தந்தவர் அவர் உதவியாளர் கே. ரங்காச்சாரி. இருவரும் சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார்கள். அதில் தொம்பர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. கம்பம் நட்டு, கயிறு கட்டி, மேலே நடந்து, கரணம் போட்டு ஊர் ஊராகப் பிழைத்தவர்கள். எப்படித் திருமணம் செய்வார்கள், என்ன சாப்பிடுவார்கள், எந்தச் சாமி கும்பிடுவார்கள் எல்லாம் எழுதியிருக்கும். கயிற்றின்மேல் நடந்த ஒருத்திக்குப் பெயர் உண்டு என்பதுதான் விட்டுப்போயிருக்கும்.

கழைக்கூத்தாடிகள் எங்கள் பக்கம் அறுவடை முடிந்து ஊரில் நாலு காசு புழங்கும்போது வருவார்கள். மாசித் திருவிழா சமயத்திலும் வருவார்கள். ஆலைச் சாலையில் சம்பள நாள் பார்த்து மேளம் தட்டுவார்கள். இரண்டு இரண்டு மூங்கிலைக் கத்தரிபோல் கட்டி இரு பக்கமும் நிறுத்தி, நடுவே கயிறு. எட்டுப் பத்து வயதுப் பெண் குழந்தை கையில் நீளக் கோலோடு நடக்கும். கீழே ஒரு பாய்கூடக் கிடையாது. சர்வதேசப் போட்டிகளில் ஜிம்னாஸ்ட் அந்தரத்தில் இருக்கும்போது ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, கண் கூசினால் கால் தவறும். அந்த விதி தெரியாத எங்கள் குருநாதர், கயிற்றில் குழந்தை நிற்கும்போது ஃபிளாஷைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். மாலை வெளிச்சத்தில் படம் கறுத்துத்தான் வரும், பரவாயில்லை என்பார். எந்தச் சங்கமும் சொல்லித் தராமல் அவருக்குத் தோன்றியது அது.

பிரான்சில் கதை வேறு திசையில் போனது. எத்தியேன் ஜூல் மாரே என்ற உடலியங்கியல் அறிஞர் 1882இல் பாரிஸில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். அவருக்கு வலக்கையாக இருந்த ஜார்ஜ் தெமெனி ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், அதற்கென்று சங்கமே நடத்தியவர். ழுவான்வீல் ராணுவப் பயிற்சிப் பள்ளியின் சிப்பாய்களை ஓடவும் தாண்டவும் சொல்லி, ஒரே தட்டில் பல தடவை வெளிச்சம் விழ வைத்துப் படமாக்கினார்கள். உடம்பு உடம்பின்மேல் விழுந்து குழம்பியது. அதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஆளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை, கை கால்களின் நீளத்துக்கு வெள்ளைக் கோடு, மூட்டுகளில் வெள்ளைப் புள்ளி. கறுப்புப் பின்னணியில் ஆள் மறைந்து கோடுகள் மட்டும் விழும். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை. கால் எந்தக் கோணத்தில் உதைக்கிறது, இடுப்பு எப்போது மடிகிறது என்பதை முதல் தடவையாகத் தாளில் பார்த்தார்கள். ஆனால் அதற்காக முதலில் அழிக்கப்பட்டது முகம். தெமெனிக்கும் நல்ல முடிவு இல்லை. மாரேயுடன் மனம் கசந்து 1894இல் வேலையை இழந்தார்.

இதற்கெல்லாம் முன்பே, பெர்லினில் யான் என்ற ஜெர்மானியர் 1811இல் திறந்தவெளியில் கம்பங்களும் கம்பிகளும் நட்டு இளைஞர்களைப் பழக்கியபோது கேமரா என்ற பொருளே இல்லை. அந்த ஜெர்மன் முறையும் லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் உருவாக்கிய ஸ்வீடிஷ் டிரில்லும் ராணுவம் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும் இங்கே வந்தன. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்தியக் குழுவோடு போனவர் அவர். 1943இல் இறக்கும்வரை அவர் பழக்கி அனுப்பிய ஆசிரியர்களும், அவர்கள் பழக்கியவர்களும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகப் பரவினார்கள். நான் எடுத்த பிரமிடுகளுக்கெல்லாம் மூலம் அங்கேதான் எங்கோ இருக்கிறது. மைதானத்தில் பிரமிடு கட்டும்போது விசில் ஊதியவர்களும் படத்தில் இருக்க மாட்டார்கள். கேமராவுக்குப் பக்கத்தில், எனக்கு ஓரடி தள்ளி நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கு வெளியே இந்த வித்தையைத் தொழிலாக்கியவர்கள் சர்க்கஸ்காரர்கள். விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கினார். தலச்சேரியில் களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்பித்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி திறந்தார். ஒரு தலைமுறைக்கு மேல் இந்தியக் கூடாரங்களில் பார் விளையாடியவர்களும் ஊஞ்சலில் பறந்தவர்களும் அந்த மண்ணிலிருந்து போனவர்கள். தமிழர்கள் பெருந்திரளாக அந்த வித்தையைப் பெரிய அளவில் பார்த்தது 1948இல், ஜெமினியின் 'சந்திரலேகா'வில். எஸ். எஸ். வாசன் கமலா சர்க்கஸையும் பரசுராமன் லயன் சர்க்கஸையும் படத்துக்குள் கொண்டுவந்தார். கேமராமேன் கமல் கோஷ். கதாநாயகி ஊஞ்சலில் பறக்கிற காட்சிகளைச் சிறுவனாக டூரிங் டாக்கீஸில் வாய்பிளந்து பார்த்தவன் நான். முரசு நடனத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், பேசட்டும். எனக்கு அந்தப் படத்தில் சர்க்கஸ்தான் பெரிது. கதாநாயகியின் பெயரைக் கேட்டால் யாரும் சொல்வார்கள், டி. ஆர். ராஜகுமாரி. நிஜமாகவே ஊஞ்சலில் தொங்கிய சர்க்கஸ் பெண்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவின் மேரி எல்லன் மார்க் 1969இல் பம்பாயில் முதல் தடவையாக இந்திய சர்க்கஸ் பார்த்தார். இருபது வருஷம் கழித்து வந்து, 1989, 1990 ஆண்டுகளில் 18 சர்க்கஸ் கூடாரங்களில் தங்கிப் படம் எடுத்தார். 1993இல் புத்தகம் வந்தது. என் கணக்கில் உடல்வித்தைக்காரர்களைப் பற்றி இந்திய மண்ணில் எடுக்கப்பட்ட படங்களில் அதற்கு ஈடு கிடையாது. ஆட்டத்தை அவர் அவ்வளவாக எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், ஜிகினா உடுப்போடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் களைப்பை எடுத்தார். அதில் ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. 1989, குஜராத்தின் உப்லேட்டா ஊர், கிரேட் ராஜ் கமல் சர்க்கஸ். உடம்பை வில்லாக வளைத்துக் கால்களைத் தலைக்கு முன்னால் கொண்டுவந்திருக்கும் சிறுமி, பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. படத்தின் தலைப்பில் நாய்க்குட்டிக்கு ஸ்வீட்டி என்று பெயர் இருக்கிறது. சிறுமி வெறும் 'வளைவு வித்தைக்காரி'. மார்க் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, வேறு பல படங்களில் பெயர்களை அவர் ஒழுங்காக எழுதியவர். யானை ஷியாமாவோடு நிற்கும் ராம் பிரகாஷ் சிங்கை உலகம் பெயர் சொல்லித்தான் பேசுகிறது. ஆனாலும் அந்தத் தலைப்பை வாசித்தபோது வயிறு எரிந்தது.

சர்க்கஸில் குழந்தைகளை ஆட வைக்கக் கூடாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல காரியம். அதோடு அந்தப் படங்கள் ஒரு முடிந்துபோன காலத்தின் சாட்சியம் ஆகிவிட்டன. சாட்சிகளில் பாதிப் பேருக்குப் பெயர் இல்லை.

போட்டி ஜிம்னாஸ்டிக்ஸின் புகழ்பெற்ற படங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியது குறைவு, பத்திரிகை வாசிக்கிற எல்லாரும் பார்த்ததுதான். 1976 மாண்ட்ரியல், 14 வயது நாடியா கொமனேச்சி, 1.00 என்று தவறாகக் காட்டும் பலகை. பத்துக்குப் பத்து வாங்க ஒருவர் வருவார் என்று பலகை செய்தவர்கள் நினைக்கவில்லை. 2016 ரியோவில் தீபா கர்மாகர் 15.066 புள்ளியோடு நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.150 குறைவு. இவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்காமல் விடவில்லை. எனக்குப் பிடித்த ஒருவர் இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிறார்: கிளென் சண்ட்பி. கைகளால் நடக்கும் வித்தைக்காரர், வாஷிங்டன் நினைவுத் தூணின் 898 படிகளைத் தலைகீழாகக் கையாலேயே இறங்கியவர். 1956இல் ஜிம்னாஸ்டிக்ஸுக்கென்றே பத்திரிகை தொடங்கினார். ஆட்டக்காரனே பத்திரிகைக்காரன் ஆனதால் அதில் படத்துக்குக் கீழே பெயர் இருக்கும், என்ன வித்தை என்பதும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பழகியவனுக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்து ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் மல்லர் கம்பம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகும்வரை நாங்கள் விழுப்புரம் மாவட்டம். தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றாலே விழுப்புரம்தான். மாமல்லன் காலத்து வித்தை என்று சொல்கிறவர்கள் உண்டு, சொல்லிக்கொள்ளட்டும். இன்று ஆடும் வடிவத்துக்கு மராட்டியர்கள் ஆசான் பெயரே சொல்கிறார்கள்: இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா காலத்து பாலம்பட்ட தாதா தேவதர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலின் குழு அங்கே போய் இந்திய உடற்பயிற்சிகளைச் செய்து காட்டியது. அதே பெர்லினில்தான் லெனி ரீபென்ஸ்டால் கேமராக்களைக் குழிக்குள்ளும் தண்டவாளத்திலும் வைத்து ஹிட்லர் அரசுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உடம்பின் அழகைக் காட்டியதில் அவருக்கு நிகரில்லை, யாருக்காகக் காட்டினார் என்பதை மறக்கவும் முடியாது. இங்கேயும் பில் கட்டியவர் யார் என்று பாருங்கள்.

1981இல் உஜ்ஜயினில் மல்லர் கம்பத்துக்கென்று முதல் தேசியப் போட்டி நடந்தது. 2022இல் சாகர் ஓவ்ஹல்கர் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். அதே ஆண்டு ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் மல்லர் கம்பம் சேர்ந்தது.

இந்த ஆட்டத்தைப் படம் எடுப்பது பிரமிடு எடுப்பதைவிடக் கடினம். தரைக்கு மேல் எட்டரை அடி உயரமுள்ள மரக்கம்பம், அடி பருத்து நுனி சிறுத்திருக்கும். தோல் உரியாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் பட்ட உடம்பு, எண்ணெய் பட்ட மரம், இரண்டும் வெயிலில் பளபளக்கும். வெளிச்சம் அளக்கும் கருவி ஏமாந்துவிடும், முகம் கறுத்துப் போகும். நிழலில் கிடக்கும் முகத்துக்கு அளந்து, பளபளப்பு போனால் போகட்டும் என்று விட வேண்டும். இன்னொரு சிக்கல், பெரும்பாலான நிலைகளில் ஆட்டக்காரன் தலைகீழாக இருப்பான். கம்பத்தை விட்டு ஒரு முழம் தள்ளி உடம்பு, தொடையிடுக்கில் மட்டும் பிடி, முகம் தரையைப் பார்த்து. நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். நான் மண்ணில் மல்லாந்து படுத்து எடுப்பேன். கயிற்றில் ஆடுகிற பெண் பிள்ளைகளையும் அப்படித்தான். முகம் வேண்டும் என்பது என் பிடிவாதம். முகம் இல்லாத படத்துக்குப் பெயர் எழுதி என்ன பயன் என்று நினைப்பவன் நான்.

இப்போது ஆளுக்கொரு போன். போட்டி முடிவதற்குள் ஆயிரம் படம் குழுவில் வந்து விழுகிறது. நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா இருப்பதால் உச்சிக் கணத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம், பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். படங்கள் நன்றாகவே இருக்கின்றன, எங்கள் காலத்துப் படங்களைவிட நூறு மடங்கு. ஒன்றுக்காவது கீழே பெயர் இருக்கிறதா? மாலை போட்டவர் பெயர் இருக்கும், கோப்பை கொடுத்த பிரமுகர் பெயர் பதவியோடு இருக்கும். கம்பத்தில் தலைகீழாகத் தொங்கியவனை 'மாணவர் ஒருவர்' என்று போட்டுவிடுவார்கள். மைபிரிட்ஜாவது எண் கொடுத்தார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாப் படம், கிளப் படம், சர்க்கஸில் வேலை பார்த்த மாமாவின் படம், கழைக்கூத்துக்காரர்களைத் தாத்தா எடுத்த படம் என்று உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதாவது இருக்கும். அடையாளம் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய கறுப்பு வெள்ளைத் தாளாக இருந்தால் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம், முன்பக்கம் தடிப்பாக எழும்பும், மையும் ஊறும். வழவழப்பான கலர் பிரின்ட்டில் பென்சில் பிடிக்காது, தனித் தாளில் எழுதிப் படத்தோடு உறையில் போடுங்கள். போனில் இருக்கும் படங்களுக்குக் கோப்பின் பெயரிலேயே ஆள் பெயரைப் போட்டுவிடுங்கள். ஊர், பள்ளி, ஆண்டு, பயிற்சி தந்த ஆசிரியர், பிறகு ஆட்டக்காரர்கள் இடமிருந்து வலமாக. பிரமிடு படமாக இருந்தால் கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.